தலையில் வைத்த கை

வழிகாட்டிகளாகப் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்கள் எல்லோருக்கும் துடுப்புப் போடத் தெரியும். நீச்சல் என்னைவிட நன்றாகவே வரும். முகமூடிக்குள் தண்ணீர் புகுந்தால் என்ன செய்வது, அலை திரும்பினால் எந்தப் பக்கம் சாய்வது என்பதையெல்லாம் உங்களுக்குக் கற்றுக்கொடுக்க வேறு ஆட்கள் இருக்கிறார்கள். என்னிடம் இருப்பது சில ஞாயிற்றுக்கிழமைகள் மட்டும். தேதி குறித்து வைக்கும் பழக்கம் உள்ளவன் நான். ஆனாலும் இன்று சொல்லப்போகும் ஞாயிற்றுக்கிழமைக்குத் தேதி பார்க்க வேண்டிய அவசியமே வந்ததில்லை. 2012, மார்ச் மாதம். கடல் தெளிந்திருந்த ஒரு காலை.

கடற்கரையிலிருந்து வெகுதூரம் தள்ளி, ஒரகடத்தில் இருந்துகொண்டு கடலாமை காட்டும் தொழில் நடத்தினோம் என்றால் இன்றும் சிலர் நம்புவதில்லை. 2006 முதல் நான் அங்கே ஒரு சிறிய பிளாஸ்டிக் பட்டறையில் தரம் பார்க்கும் வேலையில் இருந்தேன். இயந்திரங்களுக்குப் பொருத்தும் கண்ணாடி போன்ற கதவுகளை அச்செடுக்கும் பட்டறை அது. ஆர்டர் குறைந்து அடுப்பு சும்மா கிடந்த ஒரு பருவத்தில், முதலாளி அதே தகட்டைச் சூடாக்கி கயாக் என்னும் சிறு துடுப்புப் படகு ஒன்றை வார்த்துப் பார்த்தார். உள்ளே உட்கார்ந்தால் காலுக்கு அடியில் தண்ணீர் தெரிந்தது. விற்கப் பார்த்தார், வாங்க ஆள் இல்லை. பிறகு நாங்களே ஆட்களை ஏற்றிக்கொண்டு போக ஆரம்பித்தோம். படகுகளைச் சேரப்பணஞ்சேரியில் ஒரு கொட்டகையில் போட்டு வைத்தோம். எங்களிடம் வந்தவர்கள் சுற்றுலாப் பயணிகள் அல்ல. வார விடுப்பு நாளில் என்ன செய்வதென்று தெரியாமல் வாடகை அறைகளிலும் ஹாஸ்டல்களிலும் படுத்துக் கிடந்த தொழிற்சாலைப் பிள்ளைகள்.

ஒரு ஞாயிறு மணிமங்கலம் ஏரியில் பயிற்சி, அடுத்த ஞாயிறு கடல். இதுதான் எங்கள் முறை.

ஏரியைக் கரையிலிருந்து பார்த்தவர்கள் எத்தனையோ பேர் இருப்பார்கள். மேலே மிதந்தபடி அதன் அடியைப் பார்த்தவர்கள் குறைவு. காலை வெயில் சாய்வாக இறங்கும்போது கயாக்கின் அடி இருப்பதே மறந்துவிடும். பாசிக் கொடிகள் காற்றில் சாயும் நாற்றைப்போல ஒரே பக்கமாகச் சாய்ந்து நிமிரும். கெண்டைக் கூட்டம் ஒன்றாகத் திரும்பும்போது தண்ணீருக்குள் யாரோ கையசைத்ததுபோல ஒரு மின்னல் ஓடி அணையும். எவ்வளவு கூச்சலோடு ஏறினாலும் நடு ஏரிக்கு வந்ததும் எல்லோரும் குரலைத் தாழ்த்திக்கொள்வார்கள், தொட்டிலில் குழந்தை தூங்குகிற வீட்டில் பேசுவதுபோல.

அந்த மார்ச்சில் வந்தது ஒரு பெண்கள் கூட்டம். எலக்ட்ரானிக் கம்பெனி ஒன்றில் ஒரே அசெம்பிளி லைனில் வரிசையாக உட்கார்ந்து வேலை பார்ப்பவர்கள். பெரும்பாலானோர் ஹாஸ்டல் பிள்ளைகள், தென் மாவட்டத்துக்காரர்கள். உள்ளூர்க்காரி ஒருத்தி மட்டும் இருந்தாள். பெயர் தேவகி. சேரப்பணஞ்சேரியில் எங்கள் கொட்டகைக்குப் பின்தெருவில் அவள் வீடு. படகில் கால் வைத்ததுமே ஆரம்பித்துவிட்டாள்.

"இன்னா சார் இது, அடியே இல்லாத படகுல ஏத்தி வுடுறீங்க?"

"அடி இருக்கும்மா. கண்ணுக்குத் தெரியாது, அவ்வளவுதான்."

"எங்க கம்பெனி இன்கிரிமென்ட் மாதிரியா சார்?"

கூட்டமே சிரித்தது. அவளுக்கு முன்னால் உட்கார்ந்திருந்த மெலிந்த பெண் மட்டும் சிரிக்காமல், கால்களைத் தூக்கி மடக்கிக்கொண்டிருந்தாள். அவள் சங்கரி. சங்கரன்கோவில் பக்கம் ஒரு ஊர்.

"ஏட்டி தேவகி, பாதத்துக்குக் கீழ மீன் ஓடுதுட்டி. கூச்சமா இருக்கு."

"அது உன்னப் பாத்து பயந்துகினு ஓடுது. கால எறக்கு, பாவம் அது."

கரைக்கு வந்ததும் சைகைகள் சொல்லிக்கொடுத்தேன். வாயில் மூச்சுக் குழாயைக் கடித்துக்கொண்டிருப்பவர் பேச முடியாது. கைதான் பேச வேண்டும். கையை அகல வீசினால் ஆபத்து, வா என்று பொருள். உள்ளங்கையை உச்சந்தலையில் வைத்தால், நான் நலம், கவலை வேண்டாம் என்று பொருள். உலகத்தில் எந்தக் கடலுக்குப் போனாலும் இதுதான் மொழி என்று கொஞ்சம் பெருமையாகவே சொன்னேன். நாங்கள் ஒருமுறை கையைத் தலையில் வைத்துக் காட்டினால் அவர்களும் திருப்பி வைத்துக் காட்ட வேண்டும்.

நான் தலையில் கை வைத்ததும் பிள்ளைகள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒருத்தி வாயைப் பொத்தினாள். அடுத்த நிமிடம் எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

"என்னம்மா சிரிப்பு?"

"ஒண்ணியும் இல்ல சார். எங்களுக்குள்ள ஒரு இது. நீங்க சொல்லுங்க" என்றாள் தேவகி.

நான் சொல்லிக்கொண்டு போனேன். பாடம் நடத்தும்போது கேட்பவர்கள் தவறான இடத்தில் சிரித்தால், அதை இளசுகளின் குறும்பு என்று எடுத்துக்கொள்வதுதான் எல்லோருடைய வழக்கம். நீங்கள் அப்படிச் செய்யாதீர்கள். அந்த இடத்திலேயே நிறுத்துங்கள். எதற்குச் சிரிக்கிறார்கள் என்று தெரியும்வரை அடுத்த வரிக்குப் போகாதீர்கள்.

அடுத்த ஞாயிறு விடியும் முன் பஸ் புறப்பட்டது. எங்களுக்கு எதிரே கம்பெனி பஸ்கள் வரிசையாக வந்தன, இரவு ஷிப்ட் முடிந்தவர்களை ஏற்றிக்கொண்டு. ஒவ்வொரு ஜன்னலிலும் கண்ணாடியில் சாய்ந்த ஒரு தலை. எங்கள் பஸ்ஸிலும் எல்லோரும் தூங்கிக்கொண்டுதான் இருந்தார்கள். படப்பை, வண்டலூர், கேளம்பாக்கம் என்று ஊர்கள் ஒவ்வொன்றாக வெளுத்துக்கொண்டு வந்தன. கோவளத்துக்குத் தெற்கே ஒரு குப்பத்தில் இறங்கியபோது சூரியன் தண்ணீரை விட்டு அப்போதுதான் பிரிந்திருந்தது.

எங்கள் மூத்த வழிகாட்டி அந்தக் குப்பத்துக்காரர். கரையில் நின்று கடலைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். "இன்னிக்கு அடி தெரியும்" என்றார். அவர் அப்படிச் சொல்லும் நாட்கள் வருடத்தில் மிகக் குறைவு. அந்தக் கரையில் கடல் பெரும்பாலும் கலங்கித்தான் இருக்கும். மாசி பங்குனியில் எப்போதாவது காற்று விழுந்து, தண்ணீர் தன் வண்டலை எல்லாம் கீழே இறக்கி வைத்துவிட்டு நீலமாக நிற்கும். பங்குனி ஆமைகள் கரை தேடி வருவதும் அந்தச் சமயத்தில்தான்.

ஃபைபர் படகில் கயாக்குகளைக் கட்டி இழுத்துக்கொண்டு அலைகளைத் தாண்டினோம். மூத்தவர் ஒரு பெரிய மிதவை வளையத்தைத் தண்ணீரில் போட்டார். அதைச் சுற்றிலும் கயிறு. நான்கு பெண்கள் முகமூடியும் மூச்சுக் குழாயும் காற்றடைத்த ஜாக்கெட்டும் அணிந்து, கயிற்றைப் பிடித்தபடி முகம் கவிழ்ந்து மிதந்தார்கள். சங்கரி அவர்களில் ஒருத்தி. தேவகி தண்ணீரில் இறங்க மாட்டேன் என்று சொல்லிவிட்டாள். "படகுக்கு அடி இல்லாததே போதும் சார், எனக்குப் படகே இல்லாம வேற வேணுமா?" அவளை என் கயாக்கில் உட்கார வைத்துக்கொண்டு சற்றுத் தள்ளி, கடல் பக்கமாகக் காவல் நின்றேன். மற்ற பெண்கள் தங்கள் முறைக்காகப் பெரிய படகில் காத்திருந்தார்கள்.

முதலில் எதுவும் இல்லை. வெறும் நீலம். வெயில் கம்பிகள் நாலா பக்கமிருந்தும் ஆழத்தில் ஒரே புள்ளியை நோக்கி இறங்கிக்கொண்டிருந்தன. பார்த்துக்கொண்டே இருந்தால் நாம் மேலே இருக்கிறோமா கீழே இருக்கிறோமா என்பது மறந்துபோகும். அந்தப் புள்ளி மெல்லக் கருத்தது. கருப்பு வட்டமானது. வட்டத்துக்குத் துடுப்புகள் முளைத்தன. என் பாதங்களுக்கு நேர் கீழே, அவசரமே இல்லாமல், பச்சை கலந்த சாம்பல் நிறத்தில் ஒரு ஆமை கடந்துபோனது. தேவகி விளிம்பைப் பிடித்துக்கொண்டு குனிந்தாள். அதன் முதுகில் ஒட்டியிருந்த கிளிஞ்சல்கள்வரை தெரிந்தது.

"சார்... அதுக்கு நம்ம நெழல் தெரியுமா சார்?"

எனக்கும் அதே கேள்விதான் ஓடிக்கொண்டிருந்தது.

ஆமை வளையத்தின் பக்கம் போனது. நாங்கள் எல்லோருக்கும் கண்டிப்பாகச் சொல்லியிருந்தோம்: தொடக் கூடாது, துரத்தக் கூடாது, அது மேலே வரும் பாதையில் குறுக்கே நிற்கக் கூடாது. சங்கரி இதில் எதையும் மீறவில்லை. அவள் செய்தது ஒன்றுதான். கயிற்றை விட்டுவிட்டாள். வேண்டுமென்று விட்டிருக்க மாட்டாள். கை தானாகத் திறந்திருக்கும், தூக்கத்தில் திறப்பதுபோல. அதே நேரம் வளையத்தின் மறுபக்கத்தில் ஒரு பெண்ணின் முகமூடியில் தண்ணீர் புகுந்து, மூத்தவர் அவளைக் கவனித்துக்கொண்டிருந்தார். நீரோட்டம் சங்கரியை மெதுவாக, யாருக்கும் தெரியாமல், பிரித்து எடுத்துக்கொண்டு போனது.

நான் பார்த்தபோது அவள் எங்களிடமிருந்து இரண்டு பஸ் நீளம் தள்ளி இருந்தாள். உடனே அவளை நோக்கி என் தலையில் கை வைத்துக் காட்டினேன். நலமா? அவளும் தலையில் கை வைத்தாள். நலம். எனக்கு நிம்மதி. மூத்தவர் திரும்பியதும் அவளைச் சேர்த்துக்கொள்வார் என்று நினைத்தேன். அவள் மறுபடி கையைத் தலையில் வைத்தாள். நானும் வைத்தேன். மூன்றாம் முறையும் வைத்தாள்.

"இன்னா சார் நீங்களும் தலைல கை வெச்சிகினு கீறீங்க? அவ ரிலீவர் கேக்கறா!"

"என்ன கேக்கறா?"

"ரிலீவர் சார், மாத்து ஆளு! சீட்ட வுட்டு எழுந்துக்கணும், சீக்கிரம் ஆள் அனுப்புன்னு. லைன்ல நாங்க அப்டித்தான் கேப்போம். வாயத் தொறக்கக் கூடாதே அங்க!"

"இல்லம்மா, அன்னிக்கு நான் சொல்லிக்கொடுத்தேனே, அதைத்தான் காட்டுறா. நல்லா இருக்கேன்னு சொல்றா."

"சார், கண்ணப் பாருங்க சார்! முழு ஷிப்டும் மாஸ்க்குக்கு மேல அந்தக் கண்ண மட்டும்தான் பாத்துகினு கீறேன் நான். அது நல்லா கீற கண்ணு இல்ல."

நான் பார்த்தேன். முகமூடிக் கண்ணாடியில் வானம்தான் தெரிந்தது. கண் தெரியவில்லை.

இனி நீங்கள் தனியாகப் படகில் நிற்கும் நாட்கள் வரும். அன்று உங்களுக்கும் இப்படி ஒரு கணம் வாய்க்கும். ஒரு பக்கம் உலகம் முழுக்க ஒப்புக்கொண்ட ஒரு சைகை. மறுபக்கம் தண்ணீரைக் கண்டு பயந்து படகில் உட்கார்ந்திருக்கும் ஒரு பெண்ணின் பேச்சு. நான் துடுப்புப் போட்டால் கடல் பக்கக் காவல் போய்விடும். ஆமை எழும் இடத்துக்கு நேர் குறுக்கே படகு போகும். அது நாங்களே கண்டிப்பாகச் சொன்ன விதியை உடைப்பது. விசில் அடித்தால் வளையத்தில் இருக்கும் மூன்று பேரும் மிரளுவார்கள். இவ்வளவையும் நினைக்க நேரம் இருந்ததா என்று கேட்காதீர்கள். அப்போது மனதில் ஓடியது ஒரே கணக்கு. தேவகியை நம்பி அவள் சொன்னது தவறாக இருந்தால், ஒரு ஆமை மிரண்டு போகும், எனக்கு மூத்தவரிடம் திட்டு கிடைக்கும். நம்பாமல் இருந்து அவள் சொன்னது சரியாக இருந்தால்?

விசிலை ஊதிவிட்டுத் துடுப்பை எடுத்தேன்.

தேவகி முன்பக்கம் மண்டியிட்டு எழுந்தாள். கயாக் ஆடியது. உட்காரச் சொல்லிக் கத்தினேன், அவள் காதில் வாங்கவில்லை. இரண்டு கைகளையும் முஷ்டியாக மடக்கி, ஒரு முஷ்டியின்மேல் இன்னொரு முஷ்டியை வைத்து, தலைக்கு மேலே தூக்கிக் காட்டினாள். காட்டிக்கொண்டே இருந்தாள். அந்தச் சைகை எனக்குத் தெரியாது. சங்கரிக்குத் தெரிந்தது. அதற்குள் தண்ணீரைக் கண்டபடி அடிக்கத் தொடங்கியிருந்த அவள் கைகள் நின்றன. அவள் மார்போடு கைகளைக் கட்டிக்கொண்டு, தலையைப் பின்னால் சாய்த்து, அசையாமல் கிடந்தாள். தோள்கள் தண்ணீருக்குள் போயின. கழுத்து போனது. முகமும் மூச்சுக் குழாயின் நுனியும் மட்டும் மேலே நின்றன. அப்போதும் அவள் அசையவில்லை.

பக்கத்தில் போனதும் தேவகி அவள் ஜாக்கெட்டின் கழுத்துப் பட்டையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். கயாக் சாய்ந்தது, நான் மறுபக்கம் சரிந்து தாங்கினேன். மூத்தவர் விசில் கேட்ட கணமே வளையத்தைப் பெரிய படகில் மாட்டிவிட்டு நீந்தி வந்து கீழிருந்து தூக்கினார். அந்த ஜாக்கெட்டில் காற்று ஊதும் மூக்கு சரியாக மூடாமல் இருந்தது. காற்று போகப்போக அவள் இறங்கிக்கொண்டே வந்திருக்கிறாள். துடித்திருந்தால் இன்னும் வேகமாக இறங்கியிருப்பாள் என்றார் மூத்தவர். பெரிய படகுக்குப் போனதும் எல்லா ஜாக்கெட்டுகளின் மூக்கையும் தன் கையாலேயே ஒருமுறை திருகிப் பார்த்தார். அன்றிலிருந்து நாங்கள் யாரும் பிறர் மூடியதை நம்பித் தண்ணீரில் ஆளை இறக்கியதில்லை.

சங்கரியைப் படகில் கிடத்தினோம். நிறைய இருமினாள். தண்ணீர் வந்தது. கண் திறந்து தேவகியைப் பார்த்தாள். முதலில் கேட்டது இதுதான்:

"என் சீட்ல ஆள் உக்காந்தாச்சாட்டி?"

தேவகி வாய் ஓயாமல் பேசுகிறவள். அப்போது கையால்தான் பதில் சொன்னாள். முஷ்டிமேல் முஷ்டி வைத்துக் காட்டினாள். பிறகு அந்தக் கைகளாலேயே முகத்தை மூடிக்கொண்டாள்.

குப்பத்துக்குப் பக்கத்திலிருந்த டாக்டரிடம் காட்டினோம். நெஞ்சில் நீர் இல்லை, மூச்சு சீராக இருக்கிறது, அன்று முழுக்கக் கவனித்துக்கொள்ளுங்கள் என்றார். பிற்பகல் பஸ் கிளம்பியபோது பிள்ளைகளுக்குப் பேச்சு திரும்பியிருந்தது. அந்த வழி முழுக்க நான் மாணவன். காதைப் பிடித்தால் லைனை மேற்பார்க்கும் லீடர் வருகிறார். இரண்டு விரலை மேசையில் தட்டினால் டீ நேரம் நெருங்கிவிட்டது. மூக்கைச் சொறிந்தால் இன்றைக்கு ஓ.டி., கூடுதல் நேர வேலை, உண்டு. தலையில் கை வைத்தால் மாற்று ஆள் வேண்டும், ஏனென்றால் மாற்று ஆட்கள் அணியும் தொப்பி மட்டும் வேறு நிறம். முஷ்டிமேல் முஷ்டி வைத்தால், ஆள் வருகிறது, அதுவரை இடத்தை விடாதே.

"எதுக்குப் பிள்ளைகளா மாத்து ஆள் கேப்பீங்க?"

தேவகிதான் சொன்னாள். "பாத்ரூம் போவணும்னா சார். வேற இன்னாத்துக்கு? ஆள் வர்ற வரைக்கும் அடக்கிகினு குந்திகினு இருக்கணும். லைன் நிக்கக் கூடாது."

நம் பேச்சில் தலையில் கை வைத்து உட்கார்ந்தான் என்றால் எல்லாம் போயிற்று என்று அர்த்தம். உலகத்துக் கடல்களில் அதற்கு நலம் என்று அர்த்தம். அந்த லைனில் அதற்கு, என்னால் முடியவில்லை, யாராவது வாருங்கள் என்று அர்த்தம். ஒரே கை, ஒரே தலை. நான் நிறையப் படிக்கிறவன்; கடல் பற்றி, ஆமை பற்றிக் கையில் கிடைத்ததையெல்லாம் படித்திருந்தேன். பக்கத்துத் தெருவில் என்ன மொழி பேசுகிறார்கள் என்று கேட்டதில்லை. அதற்குப் பிறகு எந்தக் கூட்டம் வந்தாலும் எங்கள் சைகைகளைக் கற்றுக்கொடுக்கும் முன் அவர்களுடைய சைகைகளைக் காட்டச் சொல்லிக் கேட்போம். உங்களிடமும் அந்த ஒன்றைத்தான் எதிர்பார்க்கிறேன். வெல்டிங் ஆட்கள், பெயிண்ட் ஷாப் ஆட்கள், கிரேன் ஓட்டுபவர்கள் என்று ஒவ்வொரு கூட்டத்துக்கும் ஒரு கை மொழி உண்டு. பயம் வரும்போது மனிதர்கள் நேற்றுக் கற்ற சைகையைக் காட்டுவதில்லை. தினமும் காட்டுவதைத்தான் காட்டுகிறார்கள்.

வண்டலூர் தாண்டும்போது சங்கரி விழித்தாள். ஜன்னல் ஓரம், போர்வைக்குள் சுருண்டிருந்தாள்.

"அண்ணாச்சி, நீங்க அந்த ஆமைய அப்புறம் பாத்தீங்களா?"

"இல்லம்மா. உன்னைத்தான் பாத்துக்கிட்டிருந்தேன்."

"நான் பாத்தேன். தேவகி கை காட்டுனாள்லா, ஆடாம கெடந்தேனா, அப்ப எனக்குப் பக்கத்துல வந்துச்சு. இவ்ளோ பக்கத்துல." கையை நீட்டிக் காட்டினாள். "மூக்க மட்டும் வெளிய நீட்டி, புஸ்ஸுனு ஒரு மூச்சு. எடுத்துச்சு, போயிருச்சு. எனக்கு அந்தால பயமே வரல அண்ணாச்சி. என்னமோ கனா மாதிரி இருந்துச்சு. மேல வர்றதுக்கு அது யார்கிட்டயும் கேக்கலல்லா, அதத்தான் நெனச்சிக்கிட்டே கெடந்தேன்."

"ஆமா, நீ திங்கக்கெழமை அப்டி எழுந்து போ பாக்கலாம்" என்றாள் தேவகி. "லீடரு உன்ன ஆமையாட்டம் கவுத்துப் போட்டுடுவான்."

பஸ் முழுக்கச் சிரிப்பு. சங்கரியும் சிரித்தாள். பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

இதோடு முடிந்தது என்றுதான் நினைத்திருந்தேன். ஏப்ரலில் ஒரு நாள் வல்லக்கோட்டைக் கோவிலில் தேவகியைப் பார்த்தேன். அர்ச்சனைத் தட்டோடு வரிசையில் நின்றுகொண்டிருந்தாள். சங்கரி எப்படி இருக்கிறாள் என்று கேட்டேன்.

"அத்த ஏன் கேக்கறீங்க சார். போன வாரம் தலைல கை வெச்சா. ரிலீவர் வர்ல. இன்னொருவாட்டி வெச்சா. வர்ல. அப்புறம் சேர தள்ளிட்டு எழுந்தா பாருங்க, நேரா கதவப் பாத்து நடந்துகினே போறா. எங்களுக்கெல்லாம் கை ஓடல. லைன்ல போர்டு வந்துகினே கீது, அவ சீட்டு காலியா கீது."

"லீடர்?"

"ஓடியாந்தான். கத்துவான்னு பாத்தோம். கதவப் பாத்தான், லைனப் பாத்தான். இன்னா பண்ணுவான் சார்? நிறுத்தவா முடியும்?" வரிசை நகர்ந்தது. அவளும் தட்டோடு ஓர் அடி நகர்ந்தாள். "கிளவுஸ மாட்டிகினு அவ சீட்ல அவனே குந்திகினான்."